எளிய பதிவே சிறந்த வரவேற்பு

இணையத்தளத்தில் உறுப்பினராகச் சேர வருபவரை முதலில் வரவேற்பது பதிவுப் படிவமே. ஆயினும், சில அமைப்புகளின் படிவங்கள் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றோடு நில்லாமல் முகவரி, தொழில், வருமானம் என அடுக்கடுக்காகக் கேட்கின்றன. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால், நிரப்பிய அனைத்தும் அழிந்துவிடுகின்றன. முதியோர் பாதியிலேயே விலகினால், குறை படிவத்தில்தான் உள்ளது.

கூடுதல் தகவல் சேவையை மேம்படுத்த உதவும் என்பர் சிலர். அதை உறுப்பினரான பின்னர் கேட்கலாமே! தேவையற்ற தகவலைச் சேர்த்து வைத்தால், அது கசியும் அபாயமும் உண்டு. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டம் கோருவது போன்ற தக்க காரணமின்றி நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக்கூடாது. இந்நெறியைப் பிற தகவல்களுக்கும் பின்பற்ற வேண்டும். தேவையானதை மட்டும் கேட்டு, பிழையுள்ள இடத்தை எளிய சொற்களில் சுட்டிக்காட்டும் படிவமே அனைவருக்கும் பயன்படும்.