ஓடு மெலிந்த கதை

பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். முற்றிய காய் இரண்டாகப் பிளந்தால் உள்ளே கருங்கொட்டை. அதன்மேல் சிவப்பு வலைபோல ஜாதிபத்திரி. உலகம் விலை கொடுத்து வாங்குவது கொட்டையையும் பத்திரியையும்தான். நம் பினாங்கு மக்களோ வெளிச்சதையையும் விடாமல் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்கிறோம்! டுரியானில் நாம் சுவைக்கும் மஞ்சள் சதையும் இந்தப் பத்திரியைப் போல விதையின் போர்வைதான். முள்தோல்தான் கனியின் சுவர் என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.

தாவரநூலார் சுவையைக் கொண்டு கனிகளைப் பிரிப்பதில்லை. பூவின் சூற்பை எப்படிக் கனியாயிற்று என்றுதான் பார்ப்பார்கள். கல்லோடு இல்லாமல் உள்ளெல்லாம் சதையானால் சதைக்கனி: தக்காளி, கத்தரி, வாழை. காய்ந்து வெடித்தால் வெடிகனி: வெயிலேறியதும் பால்மரக் காட்டில் பட்டென்று விதை தெறிக்கிறதே, அதுதான். பல பூக்கள் சேர்ந்து ஒன்றானால் கூட்டுக்கனி: பலா, அன்னாசி. தோல், அதனுள் சதை அல்லது நார், அதனுள் கெட்டி ஓடு, ஓட்டுக்குள் பருப்பு என்றிருந்தால் உள்ளோட்டுச் சதைக்கனி. மாங்காய், தேங்காய், செம்பனை மூன்றும் இந்த வகை.

செபராங் பிறைத் தோட்டங்களில் இருப்பவர்கள் ஓர் உதிரிப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சதையில் சமையல் எண்ணெய். பருப்பில் வேறோர் எண்ணெய், சவர்க்காரத்துக்கும் போவது. இடையிலுள்ள ஓடு தடித்தால் சதை குறையும். பழைய டூரா வகைக்குத் தடித்த ஓடு. பிசிபெராவுக்கு ஓடே இல்லை, ஆனால் பெரும்பாலும் காய்ப்பதுமில்லை. இரண்டையும் கலந்தால் மெல்லோட்டு டெனரா பிறக்கும் என்று 1941-இல் காங்கோவில் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று நம் தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் டெனராதான். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013-இல் கண்டறிந்தவர்களில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தாரும் உண்டு.

சொந்தமாக ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் நேயர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மரத்தடியில் தானாக முளைத்த கன்றைப் பிடுங்கி நடுகிறவர்கள் இருக்கிறார்கள். "நல்ல மரத்துக் கன்றுதானே அண்ணே!" என்பார்கள். டெனராவின் விதையெல்லாம் டெனராவாக வராது. டெனராவே நிற்கும் காட்டில் பொறுக்கிய 100 கன்றில் ஏறக்குறைய 25 தடித்த ஓடு, 25 மலடு, மீதிப் பாதிதான் டெனரா. கன்றைக் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மூன்றாண்டு உரமும் உழைப்பும் போட்டபின், குலை தள்ளும்போதுதான் தெரியும். உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் டூரா தாய்க்கும் பிசிபெரா தந்தைக்கும் பிறந்த கன்று கிடைக்கும். ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.