மாநிலச் சட்டை போட்டவர்தான் ஆடலாம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையில் ஒரு கிரிக்கெட் லீக் தொடங்குகிறது. ஆறு அணிகள். ஆடப்போகிறவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. ஓர் அணியே இப்போது இல்லை. 1955-லேயே அதற்கு மூடுவிழா நடந்துவிட்டது. மைதானம், என் அக்கா மகனின் லேப்டாப். டிக்கெட் கிடையாது. தறிக்கு லீவு விடுகிற நாள் என்பதால் எங்கள் திண்ணையில் நல்ல கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

லீக்கின் வேர் புக் கிரிக்கெட்டில் இருக்கிறது. பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 0 வந்தால் அவுட். 8 வந்தால் எங்கள் தெருச் சட்டப்படி 1 ரன். பக்கத்துத் தெருவில் அது நோபால். இதற்காகவே தெருக்களுக்கிடையே பேச்சுவார்த்தை முறிந்த வரலாறு உண்டு. ஜக்கார்டுக்கு உதவாமல் கழித்துப்போட்ட அட்டைகளில் பெயர் எழுதி, ஆளுக்கொரு அணி வைத்திருப்போம்.

அந்த ஆட்டத்தில் ஓர் அநியாயம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை அவுட், மற்ற நான்கில் 2, 4, 6, 1. அதாவது யார் ஆடினாலும் ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 13 ரன். கவாஸ்கருக்கும் 13, சந்திரசேகருக்கும் 13. சந்திரசேகர் டெஸ்டில் 242 விக்கெட் எடுத்து, மட்டையால் மொத்தமே 167 ரன் சேர்த்த மகான். அவரையும் கவாஸ்கரையும் ஒரே தட்டில் வைக்கிற புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘எந்த அணி எல்லாக் காலத்துக்கும் பெரியது’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஹால் ரிச்மன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அவர் நிஜத்தில் ஆடிய லட்சணப்படி அட்டையில் பலன்கள் அச்சாகியிருக்கும். பகடை விழுகிறபடி பலன். 1935-இல் ஓய்வுபெற்ற பேப் ரூத்தை அறுபதுகளின் பந்துவீச்சாளருக்கு எதிரே நிறுத்திப் பார்க்கலாம். அதையேதான் அக்கா மகன் கிரிக்கெட்டுக்குப் புரோகிராமாக எழுதியிருக்கிறான். அணித் தேர்வு மட்டும் என் பொறுப்பு. தேர்வுக்குழுத் தலைவர், உறுப்பினர், செயலாளர் எல்லாம் நானே.

நான் வைத்த விதி ஒன்றே ஒன்று. இது ரஞ்சி அணிகளின் லீக். ஆகவே மாநிலச் சட்டையில் ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. இந்தியாவுக்காகச் செய்தது கணக்கில் வராது. சாதுவாகத் தெரிகிற இந்த விதிதான் வீட்டில் கலவரத்தை உண்டுபண்ணியது.

முதலில் நம்முடைய அணி. சென்னை என்றும் தமிழ்நாடு என்றும் இரண்டு பெயரில் ஆடி, 1954-55, 1987-88 என இரண்டே முறை ரஞ்சிக் கோப்பையை வென்ற அணி. முதல்முறை தலைவர் பாலு அளகண்ணன், அடுத்த முறை எஸ். வாசுதேவன். தொடக்க ஆட்டக்காரராக டபிள்யூ. வி. ராமனைப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை தேவைப்படவில்லை. 1988-89 சீசனில் 1018 ரன். கோவாவுக்கு எதிராக அவர் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302, அணி 6 விக்கெட்டுக்கு 912. அந்த ஸ்கோரைக் கேட்டுவிட்டு, ரேடியோக்காரருக்கு ஏதோ குழப்பம் என்று எங்கள் தெருவில் பலர் முடிவுகட்டினார்கள். ராமனோடு இறங்குவது ஸ்ரீகாந்த். அவர் அவுட்டாவதைப் பார்ப்பதற்காவது வேலையை நிறுத்திவிட்டு வருகிற ஜனம் உண்டு. அடுத்து சி. டி. கோபிநாத், பத்ரிநாத்.

ஐந்தாவதாக எஸ். சரத். தமிழ்நாட்டுக்காக 100 ரஞ்சி ஆட்டங்களைத் தொட்ட இடதுகை ஆட்டக்காரர். இந்திய அணிக் கதவு அவருக்கு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. என்னுடைய விதி பிறந்ததே இவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

ஆறாவது ஏ. ஜி. கிருபால் சிங், ஏழாவது, அவருடைய அப்பா ஏ. ஜி. ராம்சிங். முதல் கோப்பையை வென்ற ஆண்டில் வங்காளத்துக்கு எதிரான அரையிறுதியில் மகன் எடுத்தது 98, 97. இறுதி ஆட்டத்தில் 75, 91. நான்கு இன்னிங்ஸிலும் சதம் இல்லை. ஆனால் கோப்பை வந்தது. அப்பாவின் கதை இன்னும் பழையது. ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான், 1934 நவம்பர் 4, சென்னைக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் ராம்சிங் எடுத்தது 11 விக்கெட். மகன்கள் இருவர் டெஸ்ட் ஆடினார்கள், அப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் முதல் பந்தை, அதாவது ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை, வீசியவர் எம். ஜே. கோபாலன். இவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிறந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம். எங்கள் ஐயம்பேட்டையும் அன்று அதே மாவட்டம். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டுக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை ஆடவிடவில்லை. இங்கே தியான்சந்தின் ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவருக்கு இந்த லீக்கில் புதுப்பந்து கொடுத்தால் என்ன தவறு? பாலாஜியை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக். மீதி இரண்டு இடம் வெங்கட்ராகவனுக்கும் வி. வி. குமாருக்கும். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் ஒரு பக்கம் நாடாவைத் தள்ள, கரைக்கான நாடாவை மறுபக்கமிருந்து இன்னொருவர் தள்ள வேண்டும். வெங்கட்டும் குமாரும் அப்படித்தான். ஒருபக்கம் ரன் கொடுக்காத ஆஃப் ஸ்பின், மறுபக்கம் லெக் ஸ்பின். ரஞ்சியில் வெங்கட்டுக்கு 500-க்கு மேல் விக்கெட், குமாருக்கு 400-க்கு மேல். குமார் முதல் டெஸ்டில், 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக, ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். ஆடிய மொத்த டெஸ்ட் இரண்டு.

பெயர்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். அஸ்வின் இல்லை.

“மாமா, 537 விக்கெட் எடுத்த ஆளை வெளிய உக்கார வெச்சிட்டு ஒரு டீமா? நாளைக்கு நீங்க தெருவுல நடக்க முடியாது,” என்றான் அக்கா மகன். நான் விதியைக் காட்டினேன். அந்த 537-ம் இந்தியாவுக்கு எடுத்தது. மேற்கு மாம்பலத்துப் பையன் தமிழ்நாட்டுக்கு ஆட ஆசைப்படாதவன் இல்லை. இந்திய அணி அவனை விடவில்லை. அவன் இல்லாத நாட்களில் நம் ரஞ்சி அணியைத் தூக்கி நிறுத்தியவர்களின் இடத்தை இன்று அவனுக்காகப் பறிப்பது சரியில்லை. “அப்போ பம்பாயில டெண்டுல்கர்?” என்றான். அவரும் உறுதியில்லை என்றேன். அதற்குமேல் அவன் பேசவில்லை. அக்கா மட்டும் சமையலறையிலிருந்து, “சச்சினையே எடுத்துட்டானா?” என்று கேட்டாள்.

உண்மையில் டெண்டுல்கருக்கு இடம் கொடுத்தேன். 15 வயதில் குஜராத்துக்கு எதிரே முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே சதம் அடித்தவனை எப்படி விடுவது? ஆனால் பம்பாயைப் பொறுத்தவரை யார் உள்ளே என்பது செய்தியல்ல, யார் வெளியே என்பதுதான் செய்தி. விஜய் மெர்ச்சன்ட்டின் ரஞ்சிச் சராசரி 98.75. கவாஸ்கர் வங்காளத்துக்கு எதிராக 340. ரூசி மோதி 1944-45-இல் ஒரே சீசனில் 1008. வாசிம் ஜாஃபர் ரஞ்சியில் 12,000 ரன்னைத் தாண்டியவர். வெளியே உட்காருகிறவர்களை வைத்தே இன்னொரு சாம்பியன் அணி அமைக்கலாம். 42 கோப்பை, அதில் 1958-59 முதல் 15 ஆண்டுகள் தொடர்ச்சியாக.

அந்தப் பதினைந்தாவது கோப்பை சேப்பாக்கத்தில் நம்மிடமிருந்து பறித்தது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1972-73 இறுதி ஆட்டம். சுழலும் ஆடுகளம், வெங்கட், குமார், வாசுதேவன் இருக்கிற அணி, சொந்த மண். பம்பாய் 151, 113. இப்படி ஒரு ஸ்கோருக்குள் அவர்களை அடக்கிவிட்டால் கோப்பை நம்முடையது என்றுதானே நினைப்போம்? நாம் எடுத்தது 80, 61. பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18-க்கு 5. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு கதை முடிந்தது. அந்தச் சிவால்கரும் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. எங்கள் அணியைக் கவிழ்த்த மனிதர் என்றாலும் என் பம்பாய் அணியில் நான் எழுதிய முதல் பெயர் அவருடையதுதான்.

கர்நாடகம்தான் எனக்குப் பயம். முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 230 அடித்த விஸ்வநாத், பிரிஜேஷ் பட்டேல், திராவிட், கிர்மானி. பந்துவீச பிரசன்னா, சந்திரசேகர், கும்ப்ளே, ஸ்ரீநாத். கோப்பை எட்டுதான். ஆனால் 1973-74 அரையிறுதியில் பம்பாயின் பதினைந்தாண்டு ஆட்சியை முடித்துவைத்தவர்கள் அவர்கள்தான். நம்மிடம் இல்லாத வேகப்பந்து அவர்களிடம் இருக்கிறது. கோபாலனுக்குத் துணையாக மறுமுனையில் யார் என்று கேட்டால், எட்டாவது ஓவரில் ராம்சிங் வருவார் என்றுதான் நான் பதில் சொல்ல முடியும்.

ஹைதராபாத் அழகு. ஜெயசிம்மாவின் தலைமையில் பட்டோடி, அப்பாஸ் அலி பேக், பின்னால் அசாருதீன், ஒரே சீசனில் 1415 ரன் அடித்த லட்சுமண். பார்க்க இதைவிடக் கண்ணுக்கு விருந்தான அணி இல்லை. ஆனால் பட்டோடியும் ஜெயசிம்மாவும் சேர்ந்து ஆடிய காலத்தில் அவர்கள் கோப்பையைத் தொடவே இல்லை. காகிதத்தில் மட்டும் குணம் மாறிவிடுமா?

ஹோல்கர்தான் நான் சொன்ன மூடுவிழா கண்ட அணி. இந்தூர் மகாராஜாவின் நிழலில் வளர்ந்து, நான்கு கோப்பை வென்று, 1954-55 இறுதி ஆட்டத்தில் சொந்த ஊரில் நம் சென்னையிடம் 46 ரன்னில் தோற்று, அந்தச் சீசனோடு பெயரே மறைந்தது. சி. கே. நாயுடு 50 வயதில் ஓர் இறுதி ஆட்டத்தில் இரட்டைச் சதம் அடித்தவர். முஷ்டாக் அலியும் உண்டு. போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்த டெனிஸ் காம்ப்டனும் ஹோல்கருக்கு ஆடியிருக்கிறார் என்பதால் அவரையும் சேர்த்திருக்கிறேன். வெள்ளைக்காரரைச் சேர்க்கலாமா என்று ஒரு மனு வந்தது. தள்ளுபடி.

ஆறாவது, விருந்தாளி அணி இலங்கை. ரஞ்சி அணி இல்லைதான். ஆனால் கோபாலன் பெயரிலேயே ஒரு கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் ஆண்டுக்கணக்கில் மோதியிருக்கின்றன. 1982-க்கு முன்பு ஆடியவர்கள் மட்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே முரளிதரன் இல்லை. மகாதேவா சதாசிவம் இருக்கிறார். 1947-இல் சேப்பாக்கத்தில் அவர் அடித்த 215-ஐப் பார்த்தவர்கள், சாகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

இனி இயந்திரத்தின் கதை. ஒருவர் எத்தனை பந்துக்கு ஒருமுறை அவுட்டாவார் என்பதைப் புரோகிராம் கேட்கிறது. பழைய ரஞ்சி ஸ்கோர் அட்டைகளில் மட்டையாளர் சந்தித்த பந்துகளைத் தேடினால் கிடைக்காது. ரன் இருக்கும், அவுட்டான விதம் இருக்கும், அவ்வளவுதான். ஆக, சராசரியை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சராசரியோ காலத்துக்குக் காலம் பொய் சொல்லும். 1934-இல் அந்த முதல் ஆட்டம் முழுவதிலும் விழுந்த ரன் 237. பத்தாண்டு கழித்து பம்பாய்க்கும் ஹோல்கருக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில் விழுந்த ரன் 2078. நாற்பதுகளின் வடநாட்டு ஆடுகளங்கள் சாலை மாதிரி. ஹஜாரேயும் குல் முகமதுவும் ஹோல்கருக்கு எதிரே ஒரே விக்கெட்டுக்கு 577 சேர்த்தார்கள். நிம்பால்கர் 443-இல் நின்றபோது, பிராட்மனின் 452 நெருங்குகிறதே என்றுகூடப் பார்க்காமல் எதிரணி மூட்டைகட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால் ஒவ்வொருவரின் சராசரியையும் அதே காலத்தில் ஆடிய மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் போட்டிருக்கிறோம். இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் மெர்ச்சன்ட் முதலிடத்தில் நிற்கிறார். ஹோல்கர் சரிந்தது. ராம்சிங் மேலே வந்தார். இதில் என் கைவரிசை இல்லை.

என் கணிப்பு இது. கோப்பை பம்பாய்க்கு. ஆசைக்கும் அறிவுக்கும் நடந்த சண்டையில் அறிவு ஜெயித்துவிட்டது. இரண்டாவது கர்நாடகம். தமிழ்நாடு மூன்றாவது, சேப்பாக்கத்தில் யார் வந்தாலும் அடிப்போம், வெளியூரில் புதுப்பந்து வீச ஆளில்லாமல் தோற்போம். ஹைதராபாத், இலங்கை, ஹோல்கர் அதே வரிசையில்.

உங்களிடம் வேறு அணி இருந்தால் எழுதி அனுப்புங்கள், ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்கிறேன். அஸ்வினைக் கேட்டு எழுதுகிறவர்கள், அவருக்காக யாரை வெளியே எடுப்பது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.