தனி டம்ளர் எதற்கு?

எங்கள் தெருவுக்கு விடியுமுன்பே ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு வேலைக்கு வரவேயில்லை. போய்ப் பார்த்தேன்.

"காலையில ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியலக்கா" என்று இரு கைகளையும் நீட்டினாள். கணுவெல்லாம் வீக்கம். சரவாங்கி (முடக்குவாதம்) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இது தலைகாட்டுவது உண்டு.

அதைவிட என்னை வருத்தியது, அவளுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரும் தட்டும்தான். இந்த வாதத்துக்கு வைரஸ் காரணம் என்று கொழுந்தன் எங்கோ படித்துவிட்டுச் சொன்னானாம். "பச்சைப் பிள்ளைக்கு ஒட்டிக்கிருமே, பாலை நிறுத்து" என்கிறாள் மாமியார்.

சகோதரிகளே, கொழுந்தன் படித்தது பொய்யல்ல, அரைகுறை. ரெட்ரோ வைரஸ் என்று ஒரு ரகம் உண்டு. அது உயிரணுவின் மரபுப் பொருளுக்குள்ளேயே தன்னை எழுதி வைத்துவிடும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் கருவணுக்களில் அப்படி எழுதப்பட்டது, பாட்டி பெயர் வெட்டிய பித்தளை அண்டா மாதிரி தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. நம் மரபுப் பொருளில் நூற்றுக்கு 8 பங்கு இந்த மிச்சம்தான். அவளுக்கு மட்டுமல்ல, மாமியாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு! பெரும்பாலானவை சிதைந்துபோய்ச் சும்மா கிடக்கின்றன. ஒன்று உபகாரமே செய்கிறது. நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிடின் என்ற புரதம் இப்படி வந்த பழைய வைரஸின் மரபணுவிலிருந்துதான் உண்டாகிறது என்று 2000-ல் கண்டறிந்தார்கள்.

சரவாங்கிக்காரர்கள் சிலரிடம் இந்தப் பழைய மிச்சங்களில் ஒரு வகை விழித்துக்கொண்ட அடையாளம் தெரிகிறதாம். அதைப் பார்த்து உடலின் காவல் சக்தி குழம்பி, சொந்த மூட்டையே தாக்குகிறதோ என்பது சந்தேகம். மூட்டு அழற்சியால்தான் அது விழிக்கிறதோ என்றும் கேட்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் டம்ளரில் ஒட்டுகிற சமாசாரம் இதில் எதுவுமே இல்லை. 2006-ல் ஊரெல்லாம் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தோமே, அந்தச் சிக்குன்குனியா வைரஸ்கூடக் கொசுவால் வந்ததே தவிர எச்சிலால் அல்ல.

பாலையும் இந்த நோய்க்காக நிறுத்த வேண்டியதில்லை. கவனம் மருந்தில்தான். சரவாங்கிக்குப் பெரும்பாலும் எழுதித் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் ஆகாது. சீட்டு எழுதுமுன்பே, "கைப்பிள்ளைக்காரி" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் வேறு மருந்து தருவார். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் நாளைக் கடத்தினால் மூட்டு கோணிவிடும். பிறகு நிமிர்த்துவது கஷ்டம். இதையெல்லாம் மாமியாரிடம் நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை காபி வந்துவிட்டது.