டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் வயரைப் பாருங்கள்



"சார், நம்ம அஞ்சாங் கிளாஸ் குரூப் போட்டோ அனுப்புங்க" என்று கேட்டவர்களுக்கு இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. போட்டோ இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கே தெரியாத நிலை.

ஓய்வு பெற்ற பிறகு, முப்பது வருஷத்துக் குரூப் போட்டோக்களையும் ஆண்டு விழாப் படங்களையும் நம் குடும்பத்துக் கல்யாண ஆல்பங்களையும் ஸ்கேன் செய்து வைத்தேன். மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டைப் போட்டு, வீட்டுக்கென்று சர்வர் ஆக்கிக் கொடுத்தான். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும்.

திங்கட்கிழமை காலை, அதில் ஒரு டிஸ்க்கைக் காணவில்லை என்று சர்வர் சொன்னது. ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்தது. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்ததும் மறுபடி காணோம். கடைக்குப் போன் செய்தேன். பார்க்காமலே, "டிஸ்க் போயிருச்சுங்க சார், புதுசு போட்டுக்கலாம்" என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். கதையைக் கேட்டுவிட்டு, "மெஷின் நின்னு லைட் எரிஞ்சா, முதல்ல நூல் அறுந்திருக்கான்னுதான் பார்ப்போமுங்க சார். ஊசியில கை வைக்கறது அப்புறம். இதுலயும் நூலு ஒண்ணு இருக்குமில்லீங்க?" என்றான்.

இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு வயர்: தகவல் போக சாட்டா கேபிள், கரண்ட்டுக்கு இன்னொன்று.

இரவு மகனுக்குப் போன் போட்டேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்கு ஸ்மார்ட் அறிக்கை என்று பெயர். அதில் 5, 197 என்ற வரிசைகளில் எண் ஏறினால் டிஸ்க்கின் தட்டிலேயே பழுது என்று சந்தேகிக்கலாம். 199-ஆம் வரிசையில் ஏறினால், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் கெட்டுப்போகிறது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். என் டிஸ்க்கில் முதல் இரண்டும் பூஜ்யம். மூன்றாவது 312. கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துப் பெட்டியைத் திறந்தால், கேபிள் மடங்கிக் கிடந்தது. ஆயுத பூஜைக்குப் பஞ்சுத் தூசி தட்டியவன் நான்தான்!

கேபிளை மாற்றினேன். அதன் பிறகும் 312 என்றே காட்டியது. பயப்பட வேண்டாம், அந்த எண் குறையாது. மேலே ஏறாமல் இருந்தால் போதும். விலகிப்போன டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து, மற்றதிலிருந்து நகல் முடிய ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆனது. படங்கள் எல்லாம் பத்திரம்.

உங்கள் வீட்டில் இப்படி வந்தால் என் வரிசை இதுதான். முதலில், நன்றாக இருக்கும் டிஸ்க்கிலிருந்து முக்கியமானவற்றை வெளியே காப்பி எடுங்கள். அடுத்து ஸ்மார்ட் அறிக்கை. பிறகு கேபிள், வேறு சாட்டா போர்ட், பவர் வயர். யுஎஸ்பி டிஸ்க் என்றால் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். கரண்ட் போதாவிட்டாலும் டிஸ்க் விட்டுவிட்டுத்தான் தெரியும். ஆனால் டிக் டிக்கென்று சத்தம் வந்தால் எதையும் முயலாமல் உடனே நிறுத்திவிடுங்கள். அது டிஸ்க்கின் உள்நோய்.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரும்பலகையைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதிய ஒரு பையனை "மக்கு" என்று கடைசி வரிசைக்கு அனுப்பியவன் நான். வாயால் கேட்டால் சரியாகச் சொல்வான். அதை நான் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கு வந்த கண் பரிசோதனையில்தான் அவனுக்குத் தூரப்பார்வை தெரியவில்லை என்று தெரிந்தது. கண்ணாடி போட்டதும் எழுத்து திருந்தியது. நான் வைத்த பெயர் மட்டும் ஐந்தாம் வகுப்பு வரை அவனை விடவில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். மன்னித்துக்கொள், கண்ணு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தது தப்பு. கை தவறி ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு.

ஆகவே, படம் கேட்டவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பென்டிரைவோடு சேவூருக்கு வாருங்கள். உங்கள் வகுப்புப் படங்களை ஏற்றித் தருகிறேன். வேறு ஊர்ப் பிரதி உங்கள் வீடுகளில் இருக்கட்டும். காபி என் செலவு.