மனைவியை அழைக்கச் சம்பளச் சீட்டா?

"ஆறே மாதத்தில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொள்வார்." தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் செம்பூரிலும் வளைகுடா மாப்பிள்ளைக்குப் பெண் பேசும் வீடுகளில் தவறாமல் கேட்கும் வாக்குறுதி இது. ஆறு மாதம் ஓராண்டாகிறது, ஓராண்டு மூன்றாண்டாகிறது. ஒரு மாத விடுப்பில் வந்து தாலி கட்டியவர் விமானம் ஏறிவிடுகிறார். பெண் சில நாள் மாமியார் வீட்டில், சில நாள் தாய்வீட்டில். கேட்பவர்களுக்கெல்லாம் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இன்னும் விசா வரவில்லை."

ஏன் வரவில்லை? "நேரம் சரியில்லை" என்கிறார் மாமியார். "இவள் வந்த ராசி" என்று வாய் கூசாமல் சொல்பவர்களும் உண்டு. "மாப்பிள்ளைக்கு மனசு இல்லை" என்று முணுமுணுக்கிறார்கள் பெண் வீட்டார். இவற்றில் எதுவுமே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தாது. அந்தந்த நாட்டுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு தொகைதான் உண்மையான காரணம். அந்தத் தொகையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவியை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி கொடுக்கும் வீடும் வேண்டும். என்ன தொழில் செய்கிறார் என்று பார்த்து முடிவு செய்யும் முறையை 2019இல் கைவிட்டு, வருமானத்தை மட்டும் பார்ப்பதாக அறிவித்தார்கள். லேபர் கேம்பில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்திருக்கும் நம் சகோதரருக்கு இதனால் என்ன மாறிவிட்டது?

குவைத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2022இல் நிறுத்தி வைத்த குடும்ப விசாவை 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, குறைந்தபட்சச் சம்பளம் 800 தினார் என்று விதித்தார்கள். அதே நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2016இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 60 தினார். அறுபது எங்கே, எண்ணூறு எங்கே! சவூதியில் இக்காமாவில் எழுதியிருக்கும் தொழிலையும் பார்க்கிறார்கள். அதைத் தாண்டி அழைத்துக்கொண்டவர்கள் மீது 2017 ஜூலையில் ஒரு கட்டணம் விழுந்தது. உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020இல் 400 ரியால். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். கட்ட முடியாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியறைக்குத் திரும்பியவர்கள் பலர்.

சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் வேலை செய்பவர் மனைவியை அழைத்து உடன் வைத்துக்கொள்ள வழியே இல்லை. மேல்நிலை அனுமதி உள்ளவருக்கும் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். ஒர்க் பர்மிட்காரர் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணப்பதற்கும் அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. பெண்கள் வேலைக்குச் சென்றாலும் கதை இதுதான். இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகச் செல்பவர்கள் கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துவரக் கூடாது என்று 2024 மார்ச் 11 முதல் தடை போட்டார்கள். பிறர் வீட்டுப் பெற்றோரைக் கவனிக்கப் போன பெண், தன் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது!

இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. தொழிலாளி குடும்பத்தோடு வந்தால் வீடு கேட்பான். பிள்ளைக்குப் பள்ளி கேட்பான். மனைவிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கேட்பான். சில ஆண்டுகளில் அந்த ஊரைத் தன் ஊர் என்று நினைக்கத் தொடங்குவான். தனியாளாக வந்தால் ஒரு கட்டில் போதும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம். அவர்களுக்கு உழைப்பு வேண்டும். உழைப்பவனின் குடும்பம் வேண்டாம். எப்படியோ அழைத்துக்கொண்டவருக்கும் நிம்மதி இல்லை. கணவனின் வேலையில் தொங்குகிறது மனைவியின் விசா. கபில் கோபித்தால், கம்பெனி மூடினால், அவள் பெட்டி கட்ட வேண்டும்.

நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தபோதும் மனைவியரை ஊரில் விட்டுத்தான் வந்தார்கள். தோல் பதனிடும் கிடங்குகளில் உழைத்து, குடிசையில் ஒரு மூலை பிடித்து, பிறகு கடிதம் போட்டார்கள். பாட்டிமார் ரயில் ஏறி வந்தார்கள். வறுமை தடுத்தது, கடன் தடுத்தது, ஆனால் தாதர் நிலையத்தில் எந்த அதிகாரியும் நின்று, "உன் கணவனின் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கவில்லை. அவர்கள் குடும்பமாக வந்ததால்தான் இந்நகரில் நமக்குப் பள்ளி உண்டாயிற்று, கோயில் உண்டாயிற்று, சங்கம் உண்டாயிற்று, ஓட்டுரிமையும் குரலும் உண்டாயின. தனியாட்களாகவே இருந்திருந்தால், வந்த சுவடே இல்லாமல் போயிருப்போம்.

மனைவியின் நுழைவுரிமைக்காகத் தமிழ்ப் பெண்கள் போராடிய வரலாறும் நமக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாது என்பது அதன் பொருள். இந்தியரின் மனைவிமார் ஒரே நாளில் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். கணவனிடம் வந்து சேர விரும்பியவர்களைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப வழி பிறந்தது. அதுவரை காந்தியாரின் போராட்டத்தில் ஆண்களே சிறை சென்றார்கள். அத்தீர்ப்புக்குப் பிறகு பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் நின்றார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்திற்கு அழைத்துச் சிறை புகுந்தார்கள். அப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர் நீத்தார். அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. இந்தியத் திருமணத்தையும் ஒப்புக்கொண்டது. விசா விதி தலையெழுத்து அன்று. மனிதர் எழுதியதை மனிதர் மாற்றியிருக்கிறார்கள்.

ஆகவே மத்திய அரசை நாம் கேட்கிறோம். புலம்பெயர் தொழிலாளர் மற்றும் அவர்தம் குடும்பத்தினரின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990இல் ஏற்கப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. கணவன் மனைவி ஒன்றுசேர அரசுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது அதன் 44ஆம் பிரிவு. இந்தியா அதில் ஏன் கையெழுத்திடவில்லை? வளைகுடா அரசுகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் போடும்போது, குறைந்த சம்பளக்காரரின் மனைவி ஆண்டுக்குச் சில வாரமாவது கட்டணமின்றி வந்து தங்க ஒரு வரி சேர்க்கக் கூடாதா? அதுவும் முடியாதென்றால், ஆண்டுக்கொரு முறை சம்பளத்தோடும் பயணச் சீட்டோடும் விடுப்பை ஒப்பந்தத்தில் கட்டாயமாக்கட்டும். கேரளம் 1996இலேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென ஒரு துறையைத் தொடங்கியது. சான்றிதழ் ஒப்புதல் வேலையை அதன் நோர்க்கா அமைப்பு செய்து தருகிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியமும், நாம் வரி கட்டும் மராட்டிய அரசும், மும்பையிலிருந்து வளைகுடா சென்ற தமிழனின் மனைவி எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்பதையாவது தெளிவாகச் சொல்லட்டும்.

அரசுகளைக் கேட்கும் நாம், நம் வீடுகளையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பெண் கொடுப்பவர்கள் நகைக் கணக்குப் பேசுமுன் மூன்று விவரம் கேளுங்கள்: மாப்பிள்ளையின் விசாவில் எழுதியிருக்கும் தொழில் என்ன? ஒப்பந்தத்தில் உள்ள அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? குடும்பத்தை அழைக்க அந்நாட்டுச் சட்டம் கேட்கும் தொகை எவ்வளவு? இதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. மாப்பிள்ளை வீட்டாரும் முடியாததை முடியும் என்று சொல்லிப் பெண்ணை ஏமாற்ற வேண்டாம். "மூன்றாண்டு பிரிந்திருக்க நேரும், சம்மதமா?" என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.

திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். மாநில அரசு, தில்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அங்குள்ள அமைச்சகம் என்று அந்தச் சான்றிதழ் நான்கு வாசல் ஏற வேண்டும். நம் தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். பெயரைக் கல்யாணத்துக்கு முன்பே சரிசெய்துகொள்வது நல்லது. வருகை விசாவில் மனைவியை அழைத்துவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கெடு தாண்டித் தங்க வைக்காதீர்கள். அமீரகத்தில் அதற்கு அபராதம் நாளொன்றுக்கு 50 திர்ஹாம். "உன் மனைவிக்கும் வேலை விசா போட்டுத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, காத்திருக்கும் பெண்ணை மனுஷியாக நடத்துங்கள். அவளுடைய படிப்பையோ வேலையையோ, "எப்படியும் போகப் போகிறவள்தானே" என்று நிறுத்தாதீர்கள். கணவன் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு அவள் பெயரிலுள்ள கணக்கில் நேராக விழட்டும். போனில் அவர்கள் பேசும் அரை மணி நேரம் அவர்கள் இருவருக்கும் உரியது. வீடு முழுதும் சுற்றி உட்கார வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள் என்பதும், சிரித்துப் பேசினாள் என்பதும் குற்றமா? பாலைவனத்தில் இருப்பவனும் தன் தனிமையைச் சந்தேகமாக மாற்றி அவள் மீது கொட்ட வேண்டாம். பிரித்து வைத்திருப்பது சட்டம். அந்தக் கோபத்தைப் பெண்ணின் மீது காட்டுவது அநியாயம்.

காகிதத்தில் குழப்பமுள்ள சகோதரிகள் தயங்காமல் சங்கத்திற்கு வாருங்கள். உடன் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவது நம் கடமை. ஆனால் படிவத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. வாக்குக் கேட்டு நம் சந்துகளுக்கு வருபவர்களிடம் தண்ணீரும் கழிப்பறையும் கேட்பதைப் போலவே இதையும் கேட்போம்: எங்கள் பிள்ளைகள் அனுப்பும் அந்நியச் செலாவணியைக் கணக்கில் எழுதுகிறீர்களே, அவர்களுடைய மனைவிமாரைப் பற்றி அந்த நாடுகளிடம் எப்போது பேசப் போகிறீர்கள்?