ஓய்வுக்கும் கூலி வேண்டும்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன கூலித் தோழரிடம் டாக்டர் சொல்கிறார்: "ஆறு வாரத்துக்கு வெயிட்டே தூக்கக் கூடாதுப்பா." அறுவைச் செலவை அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்கிறது. படுத்துக் கிடக்கிற நாளுக்குக் கூலி யார் தருவது? வங்கி எழுத்தரான எனக்கு மருத்துவ விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு 1948லேயே ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. சேரியிலிருந்து வயக்காட்டுக்குப் போகிறவருக்கு அது எட்டவில்லை. தையல் காய்வதற்குள் 45 கிலோ யூரியா மூட்டை தலையில் ஏறுகிறது. அடிவயிற்றில் அழுத்தம் கூடக் கூடக் குடல் மறுபடி பிதுங்குகிறது. "உடம்பப் பாத்துக்கல" என்று பழி மட்டும் அவர் மேல். வேலையைத் தள்ளிப்போடும் உரிமை காணி உள்ளவனுக்குத்தான் இருக்கிறது. தோழர்களே, பஞ்சமி நில மீட்போடு நோய்க்காலக் கூலியையும் நம் கோரிக்கையில் சேர்ப்போம்.