பட்டம் இல்லாதவன் நிற்கக் கூடாதாம்

சனிக்கிழமை காலையில் சென்னைக் கார்கள் திண்டிவனத்தில் திரும்பிப் புதுச்சேரிக்குப் பறக்கின்றன. ஞாயிறு இரவு ஊர் திரும்பும்போது கைப்பேசி நிறைய வெயில் விழுந்த மஞ்சள் சுவர்கள். கூடவே ஒரு கருத்தும் காரில் ஏறிக்கொள்கிறது: “வெள்ளைக்காரன் எப்படி வெச்சிருந்தான் பாரு! நம்ம பக்கம் எட்டாவது தாண்டாதவன்லாம் எலெக்‌ஷன்ல நிக்கிறான். டிகிரி இல்லாதவன் நிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாத்தான் நாடு உருப்படும்.”

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது தவறான கருத்து மட்டுமல்ல, திமிரும்கூட.

புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் அங்கே எழுத்தறிவு சுமார் 86 விழுக்காடு. ஆனாலும் 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் வரிசையாக ராஜினாமா செய்ய, முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் பாரதி பூங்காவுக்கு எதிரில்தான் அந்தச் சட்டப்பேரவை இருக்கிறது.

வழியில் அவர்கள் கவனிக்காமல் கடக்கும் திண்டிவனத்தை அடுத்து ஓமந்தூர். அங்கே பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர், இன்றைய சொல்லில் முதல்வர். தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஆலயப் பிரவேசச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. (காமராசரை நான் இழுக்கவில்லை, அவரை எல்லோரும் இழுத்து ஓய்ந்துவிட்டார்கள்.) பட்டத்துக்கு உதாரணம் வேண்டுமா? விழுப்புரம் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த முனைவர் க. பொன்முடி, உயர்கல்வித் துறைக்கே அமைச்சராக இருந்தவர். 2025 ஏப்ரலில், ஒரு மேடைப் பேச்சு கிளப்பிய கொந்தளிப்புக்குப் பின் அமைச்சர் பதவியை இழந்தார்.

அவர்கள் கேட்கும் சட்டத்தைப் போட்டும் பார்த்தாயிற்று. ஹரியானா 2015-இல் ஊராட்சித் தேர்தலில் நிற்க ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் எட்டாம் வகுப்பு என்று வரம்பு வைத்தது. அதை எதிர்த்து வந்த ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த வரம்பை ஏற்றது. வெளியே தள்ளப்பட்டது லஞ்சம் வாங்குபவனா? இல்லை. சிறுவயதில் ஆடு மேய்க்கப் போன பெண்தான். அவள் ஊருக்கு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் தராத அரசு, படிக்காத குற்றத்துக்கு அவளையே தண்டித்தது. இதே வழியில் போன ராஜஸ்தான் 2019-இல் திரும்பி வந்துவிட்டது.

விழுப்புரத்தில் இப்படி ஒரு வரம்பு வைத்தால் என்ன ஆகும்? பிரிக்கப்படாத மாவட்டத்தின் எழுத்தறிவு 2011-இல் சுமார் 72 விழுக்காடு; பெண்களிடம் இன்னும் குறைவு. கரும்புத் தோட்டத்தில் தோகை உரிக்கும் அம்மாவுக்கு நூறு நாள் வேலையில் யார் கூலி பாக்கி, தண்ணீர்த் தொட்டி மோட்டார் என்றைக்கு நின்றது என்பதெல்லாம் அத்துப்படி. அவரைத் தகுதியற்றவர் என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வருகிறது? 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது செஞ்சிப் பக்கம் ஊராட்சித் தலைவர் பதவி ஏலம் போனதாகச் செய்தி வந்தது. ஏலம் எடுப்பவர் பி.இ. முடித்திருந்தால் அது சரியாகிவிடுமா?

1952-இல் திருக்குறளார் முனுசாமியை மக்களவைக்கு அனுப்பியது திண்டிவனம். எழுத்தாளர் ரவிக்குமாரை 2019-இலும் 2024-இலும் அனுப்பியது விழுப்புரம். எந்தச் சட்டமும் மிரட்டி அல்ல. 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் 76 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. பட்டதாரிகள் மண்டிக்கிடக்கும் தென் சென்னையில் சுமார் 54. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது அல்லவா!

வேட்பாளரின் தகுதி பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், வேட்புமனுவோடு அவர் தரும் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் படிப்பு கடைசிப் பக்கங்களில்தான் வரும். குற்ற வழக்குகள் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும்.